இசை இதழில் இல்லாத பாட்டு: வடசென்னைக் கானாவும் ஆய்விதழ்களும்

வடசென்னையின் இசையைப் பற்றி ஆய்விதழ்களில் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது அங்குள்ள தெருப்பாட்டான கானா அல்ல; தீட்சிதரும் தியாகராஜரும்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மணலியில்தான் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. அவருடைய மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) கோட்டையில் வாசிக்கப்பட்ட வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார் என்ற செய்தியும் அந்தக் காலத்தோடு சேர்ந்தது. இந்த வரலாற்றுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படுவது சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. மணலியை அடுத்த திருவொற்றியூரில் தியாகராஜர் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் அந்த ஊர்க்காரராகவே அறியப்பட்டவர். இந்த வட்டாரம் கர்நாடக இசை ஆய்வில் எப்போதோ இடம்பிடித்துவிட்டது.

அதே வட்டாரத்தின் இன்னொரு பாட்டு ஆய்விதழுக்குள் நுழைவதற்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருந்தது. தாமதத்துக்குக் காரணம் பாட்டிடம் இல்லை. எந்த இதழ் எதற்காகத் தொடங்கப்பட்டது, எதை இசை என்று எண்ணியது, எதை நாட்டுப்புறம் என்று எண்ணியது என்ற கணக்கில்தான் அது கிடக்கிறது. இன்றைக்கு வடசென்னைப் பாட்டு பற்றிக் கட்டுரை தேடுபவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்ஹாம் மில் 1876-இலும், கர்நாடிக் மில் 1881-இலும் தொடங்கின. பின்னாளில் இரண்டும் ஒன்றாகி ‘பின்னி மில்’ என்றே ஊர் வாயில் நின்றன. துறைமுகம், ரயில்வே, பக்கிங்ஹாம் கால்வாயில் வந்த விறகுப் படகு, உப்புப் படகு என்று வேலை இருந்த இடமெல்லாம் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். பேசின் பிரிட்ஜுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே, சரக்கு யார்டை ஒட்டி வளர்ந்த கொருக்குப்பேட்டை அப்படிப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, ராயபுரம் எல்லாம் அதன் அக்கம்பக்கம். கூத்துப் பாட்டு, ஒப்பாரி, சித்தர் பாடல், தெலுங்குக் கீர்த்தனம், தர்காவில் கேட்ட உருது மெட்டு, இந்திப் படப் பாட்டு என்று அவரவர் காதோடு கொண்டுவந்தவை இந்தத் தெருக்களில் கலந்தன. அந்தக் கலப்பிலிருந்து எழுந்தது கானா.

கானாவுக்குப் பல வேளைகள் உண்டு. கல்யாண வீடு, கோயில் திருவிழா, சும்மா உட்கார்ந்திருக்கும் மாலை, சிறைக்கூடம் என்று எங்கும் பாடுவார்கள். ஆனால் அதன் முழு உருவம் தெரிவது சாவு வீட்டில். சடலம் எடுப்பதற்கு முந்தைய இரவு தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்து விடிய விடியப் பாடுவது மரண கானா. டோலக் ஒருவர் கையில், புல்புல்தாராவோ கீபோர்டோ இன்னொருவர் கையில். கூட நிற்பவர்கள் முடிவடியைத் திரும்பப் பாடுவார்கள். பாடகர் முதலில் சாமி கும்பிட்டு, பிறகு போனவரின் பெயர், அவர் பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள், குடியிருந்த தெரு, கூட்டாளிகளின் பெயர் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மெட்டுக்குள் வைப்பார். வீட்டாரிடம் சற்று முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த நிமிடம் பாட்டாக்க வேண்டும். அதற்குப் ‘பாட்டு கட்டுவது’ என்று பெயர். ஏற்கெனவே இருக்கும் அடிகளும் மெட்டுகளும் தலைக்குள் மூட்டையாக இருந்தால்தான் இது நடக்கும். வாய்மொழிக் காவியம் பாடுபவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்பது பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்ட ஆய்வுகளுக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். இருந்தும் வெகுகாலம் யாரும் எழுதவில்லை.

கானாப் பாடகர்கள் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் பெயர்களில் ஒன்று குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). தொண்டி அருகே குணங்குடியில் பிறந்து, ராயபுரத்தில் அடங்கிய சூஃபி அவர். தொண்டியார் இருந்ததால்தான் தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள், புத்தகங்களிலும் எழுதுகிறார்கள். ஆனால் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மானியமாகக் கொடுக்கப்பட்ட ஆண்டு 1693. சாகிபு பிறப்பதற்கு 99 ஆண்டுகளுக்கு முன்பே பேட்டை அந்தப் பெயரோடு இருந்திருக்கிறது. மஸ்தான் சாகிபுக்கும் கானாவுக்கும் உள்ள உறவை இது பொய்யாக்கிவிடாது; அவருடைய பாடல்கள் இந்தத் தெருக்களில் பாடப்பட்டுவந்தது வேறு செய்தி. வாய்வழி வருவதை ஆவணத்தோடு ஒருமுறை உரசிப் பார்க்கும் வேலையைத்தான் நல்ல ஆய்விதழ்க் கட்டுரை செய்கிறது. கானா பற்றிய எழுத்தில் அந்த வேலை இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது.

தெருப்பாட்டு அச்சேறிய கதை ஆய்விதழ்களுக்கு முந்தையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஜார்ஜ் டவுனை அடுத்த குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணா விலையில் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலைச் சிந்து, ரயில் பாட்டு, வெள்ளப் பாட்டு, 1914-இல் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட செய்தி எல்லாம் மட்டமான தாளில் எட்டுப் பக்கம், பதினாறு பக்கமாக வந்தன. படித்தவர்கள் இவற்றைக் ‘குஜிலிப் பதிப்பு’ என்று ஏளனமாகச் சொன்னார்கள். நூலகங்கள் வாங்கி வைக்கவில்லை. தப்பியவற்றில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதற்குக் காரணம், அச்சான எதையும் பதிவு செய்யச் சொன்ன 1867-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தத் துண்டுப் புத்தகங்களை வைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘முச்சந்தி இலக்கியம்’ 2004-இல் வந்தது. வடசென்னைப் பாட்டின் முன்கதையைத் தேடுபவர் இசை அலமாரியை விட்டுவிட்டு முதலில் இந்தப் பக்கம் வர வேண்டும்.

பாட்டைச் சேகரித்து ஆராய்வது என்ற பழக்கம் சென்னையில் அதே காலத்தில்தான் தொடங்கியது. சார்லஸ் கோவர் 1871-இல் சென்னையில் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் கன்னடம், படகர், குடகு, தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று பாடல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அடுத்த ஆண்டு பம்பாயில் ஜேம்ஸ் பர்ஜஸ் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழைத் தொடங்கினார்; கல்வெட்டுக்கும் நாணயத்துக்கும் நடுவே பாட்டுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஐரோப்பாவில் 1885 முக்கியமான ஆண்டு. அலெக்சாண்டர் எல்லிஸ் பல நாட்டு ஸ்வர வரிசைகளை அளந்து லண்டன் கலைச் சங்கத்தின் இதழில் எழுதியதும், கீடோ ஆட்லர் முதலியோர் இசையியலுக்கென்றே ஒரு காலாண்டிதழை ஆரம்பித்ததும் அப்போதுதான். இவர்களுக்கெல்லாம் வேண்டியிருந்தது பழமை. ஆலைத் தொழிலாளி பாடுவது அப்போதுதான் முளைத்தது. அதில் என்ன பழமை இருக்கும் என்பதே எண்ணம்.

தமிழ்நாட்டில் இசைக்கென்று ஆய்வு மன்றம் கூட்டியதில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் முந்திக்கொண்டார். 1912-இல் அவர் தொடங்கிய சங்கீத வித்யா மகாஜன சங்கத்தின் மாநாடுகளும், 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகரம்’ நூலும் சுருதி பற்றிய விவாதத்தை நாடு முழுக்கக் கிளப்பின. சென்னையில் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் தீர்மானத்திலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் ஆய்விதழ் 1930-இல் வெளிவரத் தொடங்கியது.

இந்த இதழை ஒருமுறையாவது கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது நல்லது. காலாண்டிதழாகத் தொடங்கி, பிறகு நான்கு பகுதிகளும் ஒரே தொகுதியாக ஆண்டுக்கு ஒன்று என்று வந்த இதழ் இது. தொடக்கத்தில் அந்த ஆண்டு மாநாட்டின் நடவடிக்கைக் குறிப்பு இருக்கும்: காலையில் நிபுணர் குழு கூடி எந்த ராகத்தின் லட்சணத்தை விவாதித்தது, யார் பாடிக் காட்டினார், யார் மறுத்தார் என்பதெல்லாம் பேச்சு நடையிலேயே பதிவாகியிருக்கும். அதற்குப் பின் கட்டுரைகள், சமஸ்கிருத லட்சண நூல்களின் பதிப்பு, அச்சேறாத கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு, கடைசியில் நூல் மதிப்புரை. 1944 முதல் 1979 வரை அகாடமியின் செயலாளராக இருந்த வே. ராகவனின் கை இதில் நிறையவே தெரியும். பி. சாம்பமூர்த்தி போன்றவர்கள் நாட்டுப்புற மெட்டுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அக்கறை பெரும்பாலும் ராகம் எங்கிருந்து வந்தது என்பதில். பழைய தொகுதிகள் இன்று அகாடமியின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. வடசென்னை ஆய்வாளருக்கு இவை வேண்டாதவை என்று ஒதுக்கிவிட முடியாது: மணலியும் திருவொற்றியூரும் எப்படி இசை வரலாற்றின் பகுதியாயின, பக்கத்திலிருந்த கொருக்குப்பேட்டை எப்படி ஆகவில்லை என்பதற்கு இவைதான் சாட்சி.

இதில் ஒரு வேடிக்கை. அகாடமிக்கு முந்தைய சென்னையில் கச்சேரி நடந்த இடம் பெரும்பாலும் வடக்குதான். தங்கசாலைத் தெருவில் தொண்டைமண்டலம் சபை, அரண்மனைக்காரத் தெருவில் கோகலே ஹால் என்று ஜார்ஜ் டவுன் கேட்ட பிறகே மயிலாப்பூர் கேட்டது. வக்கீல்களும் வியாபாரிகளும் வீட்டைத் தெற்கே மாற்றியபோது சபாக்களும் பின்னாலேயே போயின. 1943-இல் உருவான தமிழ் இசைச் சங்கம் மட்டும் எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நிலைத்தது. சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் தேவாரப் பண்களும் சிலப்பதிகார இசையும் தீவிரமாக ஆராயப்பட்டன. அந்தக் கட்டுரைகள் ஆண்டு மலர்களில் சிதறிக் கிடக்கின்றன. தெலுங்குக் கீர்த்தனைக்கு எதிராகத் தமிழ்ப் பாட்டுக்காக வாதாடிய அந்த இயக்கத்தின் காதிலும், மன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாடப்பட்ட தமிழ்ப் பாட்டு விழவில்லை.

சரி, இசைக்காரர்கள்தான் விட்டுவிட்டார்கள். நாட்டுப்புறவியலார் எடுத்துக்கொண்டார்களா என்றால், அவர்களும் இல்லை. பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958-இல் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியீடாக வந்தது. நா. வானமாமலை 1960-இல் ‘தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்’, 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்று தொகுத்தார். 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். தமிழில் சமூக அறிவியல் ஆய்வுக்கு அந்த இதழ் செய்ததைப் பல்கலைக்கழகங்கள்கூடச் செய்யவில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் வானமாமலையின் களம் நெல்லையும் தென்மாவட்டங்களும். அவர் வழிவந்தவர்கள் தாலாட்டு, தெம்மாங்கு, கதைப்பாடல், வில்லுப்பாட்டு என்று போனார்கள். நாட்டுப்புறம் என்றால் வயலும் வரப்பும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் யாரும் எழுதிவைக்காத சட்டமாக இருந்தது. சினிமா மெட்டைச் சேர்த்துக்கொண்டு, இங்கிலீஷும் இந்தியும் கலந்து, யார்டிலும் ஹார்பரிலும் வேலை பார்த்தவர்கள் பாடியது அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. இப்படித்தான் கானா இரண்டு பக்கமும் விடுபட்டது: இசை ஆய்விதழுக்கு அது இசையாகத் தெரியவில்லை, நாட்டுப்புற ஆய்விதழுக்கு அது நாட்டுப்புறமாகத் தெரியவில்லை. பாடியவர்கள் பெரும்பாலும் தலித்துகள் என்பதும், பாட்டின் தலையாய இடம் சாவு வீடு என்பதும் இந்த விடுபடலுக்குள் அடக்கம்.

கடல் கடந்த ஆய்வுலகில் காற்று வேறு பக்கம் வீசத் தொடங்கியிருந்தது. டச்சுக்காரரான யாப் குன்ஸ்ட் 1950-இல் ‘இன இசையியல்’ என்ற பெயரைப் பரப்பினார். 1953-இல் ஒரு செய்தி மடலாகத் தொடங்கியது, 1955-இல் அமெரிக்காவில் இன இசையியல் சங்கம் அமைந்தபின் ‘எத்னோமியூசிகாலஜி’ என்ற ஆய்விதழாக வளர்ந்தது. ‘ஏஷியன் மியூசிக்’ 1968-இல் வந்தது. இந்தியாவில் சங்கீத நாடக அகாடமியின் ‘சங்கீத் நாடக்’ 1965-இலும், பரோடாவில் இந்திய இசையியல் சங்கத்தின் இதழ் 1970-இலும் தொடங்கின. ஒலிப்பதிவுகளைப் பேணுவதற்கென அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982-இல் இன இசையியல் ஆவணக் காப்பகம் ஒன்றை நிறுவியது. அதற்கு வழிவகுத்தவர் நசீர் ஜைராஸ்பாய்.

நகரத்து இசையும் ஆராயத் தக்கது என்ற எண்ணம் 1970-களில் வலுத்தது. புரூனோ நெட்டல் 1978-இல் பதிப்பித்த எட்டு நகரங்களின் இசை பற்றிய தொகுதியில் சென்னையும் ஒன்று. எழுதியவர்கள் கேத்லீன், ஏட்ரியன் லார்மண்ட் தம்பதி. அவர்களே 1983-இல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் சென்னையின் நூறாண்டு இசை பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார்கள். துறையின் தலைமை இதழில் சென்னை நகரத்தின் பெயர் தாங்கி வந்த கட்டுரை. பேசியதோ சபாக்களின் சென்னையைப் பற்றி. நகர இசை என்ற கதவு திறந்தபோதும் உள்ளே போனது கர்நாடக இசைதான். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கறுப்பர் நகரக் குடியிருப்புகளின் இசை தனி ஆய்வுப் பொருளாகிவிட்டது. டேவிட் கோப்லன் அதைப் பற்றி எழுதிய நூல் 1985-இல் வெளியானது.

தமிழ்ச் சாவுப் பாட்டு பற்றிய நல்ல எழுத்து இசைக்கு வெளியிலிருந்து வந்தது. பறையர் பெண்களின் ஒப்பாரியை மார்கரெட் எக்னோர் (பின்னாளில் டிராவிக்) ஆராய்ந்த கட்டுரை 1986-இல் பிளாக்பர்னும் ஏ. கே. ராமானுஜனும் பதிப்பித்த தொகுதியில் இருக்கிறது. ஒப்பாரியையும், சாவு வீட்டில் ஆண்கள் பாடும் எகத்தாளப் பாட்டையும் சேர்த்து மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே 2005-இல் ஒரு நூலே எழுதினார். இரண்டும் கானாவைப் பற்றியவை அல்ல. ஆனால் மரண கானாவைப் பற்றி எழுதுபவர் இவற்றைப் படிக்காமல் எழுதக் கூடாது. ஸ்டீபன் ஹியூஸ் கிராமபோன் காலத் தமிழ் இசைச் சந்தை பற்றி எழுதிய கட்டுரைகளில் ஒன்று 2002-இல் திரைப்பட, வானொலி வரலாற்று இதழிலும், மற்றொன்று 2007-இல் ‘ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்’ இதழிலும் வந்தன. இசை அடைவில் மட்டும் தேடியவர் கண்ணில் இவை படாமல் போயிருக்கும்.

‘எத்னோமியூசிகாலஜி’ இதழிலேயே ஓரத்திலிருந்து சில கட்டுரைகள் நுழைந்தன. கிராமத்தில் ஒலிபெருக்கியில் கேசட் போடுவதைப் பற்றிப் பால் கிரீன் 1999-இல் எழுதினார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையையும் சாதிப் போட்டியையும் பற்றி யோஷிடாகா தெராடா 2000-இல் எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் இசைநடையும் சாதி அடையாளமும் பற்றி ஸோயி ஷெரினியன் 2007-இல் எழுதினார். ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட நூல், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் விடுதலை இறையியலோடு இணைத்த தியோபிலஸ் அப்பாவுவைப் பற்றியது. சாதி பற்றிப் பேசாமல் தமிழ் இசை பற்றிப் பேச முடியாது என்ற நிலை ஆய்விதழில் வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

தமிழில் அந்தப் பேச்சு முன்பே தொடங்கிவிட்டது. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இலக்கிய அலையில் ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்களும், 1997 முதல் ‘தலித் முரசு’ம் பண்பாட்டை அரசியலாகப் படித்தன. அதே 1997-இல் சென்னையில் தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம் அமைந்தது. 2000-இலிருந்து ‘இந்தியன் ஃபோக்லைஃப்’ இதழை நடத்தியது. சினிமாவும் தன் வேலையைச் செய்தது. இசையமைப்பாளர் தேவாவின் இசையில் 1990-களில் கானா தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனும், 2012-இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் பாடினார்கள். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசையமைப்பில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறிய பிறகு ஆராய்ச்சியாளர்கள் வரிசை கட்டினார்கள். ராயபுரத்தில் வளர்ந்த கானாப் பாடகர் இசைவாணியின் பெயர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. ஒரு பாட்டு தெருவில் பாடப்படும்போது வராத ஆய்வாளர், அது ஆங்கிலப் பத்திரிகையில் வந்தவுடன் வருகிறார் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான்.

இந்த வரலாறு தேடுதலில் எப்படிக் குறுக்கிடுகிறது என்பதை எழுத்துக்கூட்டலிலிருந்தே பார்க்கலாம். கானாவை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் ஜி-க்குப் பின் ஒரு ஏ போடுகிறார்கள், சிலர் இரண்டு. தமிழ் லெக்சிகன் முறையை ஒட்டிப் பட்டியல் போடும் மேல்நாட்டு நூலகங்களில் அது கே-யில் தொடங்கும். தமிழில் தட்டச்சு செய்து தேடினால் ஆப்பிரிக்கக் கானா நாடு வந்து நிற்கும். அந்த நாடோ குவாபெனா என்கேட்டியா போன்ற மேதைகள் எழுதியதால் இன இசையியலில் மிக அதிகம் ஆராயப்பட்ட நாடுகளில் ஒன்று. எனவே கூடவே சென்னை, மெட்ராஸ், தலித், டோலக், ஒப்பாரி, சாவு என்று ஏதாவதொரு சொல்லைச் சேர்க்காமல் தேடிப் பயனில்லை. பறைக்கும் இதே கதைதான்: பறை, தப்பு, தப்பட்டை, சட்டி மேளம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

அடுத்தது அடைவுகளின் வரலாறு. இசை எழுத்துகளுக்கான உலக அடைவான ‘ரில்ம்’ 1966-இல் பாரி புரூக்கின் முயற்சியால் அமைந்தது. ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளை மின்வடிவாக்கிய ‘ஜேஸ்டோர்’ 1995-இல் வந்தது. கூகுள் ஸ்காலர் 2004-இல். இவை எல்லாம் பன்னாட்டு வரிசை எண் பெற்ற, ஒழுங்காக வெளிவரும், பெரும்பாலும் ஆங்கில இதழ்களை நன்றாகப் பிடிக்கும். வரிசை எண்ணே வாங்காமல் நினைத்தபோது வெளிவந்த தமிழ்ச் சிற்றிதழையும், கல்லூரிக் கருத்தரங்கத் தொகுதியையும், சங்கத்து ஆண்டு மலரையும் இவை அறியா. கானா பற்றிய தமிழ் எழுத்து முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போவதே வழி. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்து ஆய்வேடுகளை மின்வடிவில் கேட்கத் தொடங்கியதன் விளைவாக உருவான ‘சோத்கங்கா’ தளத்தில் தமிழிலேயே எழுதப்பட்ட நாட்டுப்புறவியல் ஆய்வேடுகள் ஏராளம். தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும்; ஆனால் களத்தில் எடுத்த பாட்டுகள் பின்னிணைப்பில் முழுசாக இருக்கும். ஆங்கிலக் கட்டுரைகளில் இது அபூர்வம். ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கிப் போக ஸ்காலர் உதவும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகிய காலம் இது. அவற்றிலும் கானா பற்றிய கட்டுரைகள் உண்டு, பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

அச்சில் மட்டும் இருப்பதைத் தேடினால் நூலகத்துக்குப் போயே ஆக வேண்டும். கொருக்குப்பேட்டைக்காரருக்கு வசதியாக ஒரு காலத்தில் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் இருந்தது. 1958-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் திறந்த அந்த நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு இருந்தன. பிற்பாடு அந்தத் தொகுப்பு எழும்பூரில் கன்னிமாரா நூலகத்துக்கு இடம் மாறியது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாட்டின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு படி பெறும் நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1994-இல் கோட்டையூர் முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு தொடங்கியது. குஜிலிப் புத்தகங்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் இங்கே போவதே நல்லது. அதே தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி யூனிட் ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூர் பக்கம். தரமணிக்குப் பூங்கா நகரில் பறக்கும் ரயில் மாற வேண்டும். சபாக்களைப் போலவே நூலகங்களும் தெற்கே போய்விட்டன.

ஆங்கில ஆய்விதழ்களுக்குப் பணம் கட்டும் சிக்கல் தனி. ஒரு கட்டுரைக்குப் பதிப்பகம் கேட்கும் விலை ஒரு மரண கானாக் குழுவில் டோலக் அடிப்பவர் ஓரிரவில் எடுக்கும் கூலிக்குக் குறையாமல் இருக்கக்கூடும். ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகளைத் திரையில் இலவசமாகப் படிக்கலாம். ‘எத்னோமியூசிகாலஜி’யின் பழைய தொகுதிகளுக்கு அது போதும். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது: மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், சுமார் 6,300 அரசு நிறுவனங்கள். ‘பாப்புலர் மியூசிக்’ இதழை வெளியிடும் கேம்பிரிட்ஜும், ‘எத்னோமியூசிகாலஜி ஃபோரம்’ இதழை வெளியிடும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் அதில் அடக்கம். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளின் மாணவர்களுக்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. எந்தக் கல்லூரியிலும் சேராமல் ஆராய்பவருக்கும், தன் பாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க நினைக்கும் பாடகருக்கும் முதல் கட்டத்தில் இடமில்லை. பொது நூலகங்களில் எல்லாருக்கும் திறந்துவிடுவது திட்டத்தின் மூன்றாம் கட்டமாக வைக்கப்பட்டிருக்கிறது.